மணிக்கூண்டுக்குச் சாவி கொடுத்தவரிடம் கேளுங்கள்

கடலூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் மணிக்கூண்டுக்கு 1986 முதல் 2008 வரை நான் சாவி கொடுத்து வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியர் குழுவும் நினைக்கவில்லை. பாதிப் பேர் அவரவர் ஊர் மணிக்கூண்டு எத்தனை மணியில் நின்று கிடக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க மனசு கனத்தது. ஒரு மணிக்கூண்டு நின்றுவிட்டது என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் மேலே ஏறுவதை நிறுத்திவிட்டார் என்றுதான் அர்த்தம். கடலூர் முதுநகர்க் கடையில் அப்பா உட்கார்ந்து வாட்ச் பழுதுபார்த்த அதே மேஜையில் உட்கார்ந்து, முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊர் மணிக்கூண்டில் நாலு பக்கமும் நாலு நேரம் காட்டுகிறது. உள்ளே நாலு கடிகாரம் இருக்கிறதா?
(பழக்கடைக்காரர், பண்ருட்டி)

இல்லை ஐயா, ஒரே ஒரு இயந்திரம்தான். அதிலிருந்து ஒரு தண்டு மேலே போகும். டயல்கள் இருக்கும் உயரத்தில் ஒரு பல்சக்கரப் பெட்டி. அங்கே அந்தத் தண்டு நாலு தண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு டயலின் பின்னால் போய் முட்களைத் திருப்பும். நாலு பக்கமும் ஓடிக்கொண்டே வேறு வேறு நேரம் காட்டினால், முதலில் சந்தோஷப்படுங்கள். இயந்திரம் உயிரோடு இருக்கிறது. கோளாறு தண்டிலோ முள்ளிலோதான்.

நான் பார்த்த கூண்டில் கிழக்கு முகம் எப்போதும் இரண்டு மூன்று நிமிஷம் பின்னால் போகும். அந்த முகம் கடலைப் பார்த்தது. உப்புக்காற்று பட்டுப் பட்டு, முள் மாட்டியிருக்கும் குழாய்க்கும் அதன் உள்ளே சுற்றும் தண்டுக்கும் நடுவில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். பித்தளையில் வரும் அதே களிம்புதான். பெட்டியில் இருக்கும் திருகுப் பிடிப்பு இறுக்கமாக இருந்தால் இந்தக் களிம்பு மொத்தக் கடிகாரத்தையும் நிறுத்திவிடும். தளர்வாக இருந்தால் அந்த ஒரு முகம் மட்டும் வழுக்கிப் பின்தங்கும். மாசத்துக்கு ஒரு முறை டயலின் சின்னக் கதவைத் திறந்து, கையை வெளியே நீட்டி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைப்பேன். கீழே பஸ்ஸும் சைக்கிளும் போய்க்கொண்டிருக்கும். யாராவது அண்ணாந்து பார்த்து, "இன்னும் ஒரு நிமிஷம் தள்ளுங்கண்ணே" என்று கத்துவார்கள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

இன்னொரு காரணம் பறவை. புறாவும் காக்கையும் நிமிஷ முள்ளில் வந்து உட்காரும். 9லிருந்து 12க்கு முள் ஏறும்போது உட்கார்ந்தால் பாரம் இழுக்கும். லண்டன் பெரிய கடிகாரத்திலேயே 1949ல் ஒரு குருவிக் கூட்டம் நிமிஷ முள்ளில் வரிசையாக உட்கார்ந்து நாலரை நிமிஷம் பின்னால் தள்ளியிருக்கிறது. அங்கே அந்த முள்ளின் நீளம் 4.2 மீட்டர்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: யாரையும் வெளியிலிருந்து கம்பால் முள்ளைத் தள்ள விடாதீர்கள். அப்படித் தள்ளித்தான் பாதி மணிக்கூண்டுகள் வீணாகின்றன. உள்ளே பெட்டியில் அந்தந்தத் தண்டின் திருகைத் தளர்த்தி, நாலையும் 12ல் வைத்து இறுக்கினால் போதும். அரை நாள் வேலை.

லண்டன் பிக் பென்னில் நாணயம் வைத்து நேரத்தைச் சரி செய்கிறார்கள் என்று என் மருமகன் சொல்கிறார். நம்பலாமா?
(ஓய்வுபெற்ற தபால்காரர், சிதம்பரம்)

நம்பலாம். அந்த ஊசலின் மேல்பக்கம் ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அதில் ஒரு பழைய பென்னி நாணயத்தை வைத்தால் கடிகாரம் ஒரு நாளைக்கு 0.4 விநாடி வேகமாகும். எடுத்தால் அதே அளவு மெதுவாகும். ஊசலின் எடை சுமார் 300 கிலோ. அதற்கு ஒரு காசு எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் ஊசலின் அடியில் தொங்கும் குண்டுக்கு மேலே பாரம் ஏறினால் ஊசல் கொஞ்சம் குட்டையானது போல ஆகிவிடுகிறது. குட்டை ஊசல் வேகமாக ஆடும். அவ்வளவுதான் கணக்கு.

என் கூண்டில் நானும் இதையே செய்தேன், லண்டனில் செய்கிறார்கள் என்று தெரியாமலே. அப்பா காட்டிக் கொடுத்தது. மீன்வலைக்குக் கட்டுவார்களே ஈயக்குண்டு, அதில் பத்துப் பதினைந்தை ஒரு தகர டப்பாவில் போட்டு மேலே வைத்திருப்பேன். சித்திரை வெயிலில் ஊசலின் இரும்புத் தண்டு நீளும், கடிகாரம் பின்னால் போகும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இரும்புத் தண்டு ஊசல் ஒரு நாளைக்கு சுமார் 5 விநாடி பின்தங்கும். எட்டு நாளைக்கு 40 விநாடி. சும்மா விட்டால் ஒரு கோடைக்குள் பஸ்ஸைத் தவறவிடுகிற அளவுக்குப் போய்விடும். அதனால் பங்குனி கடைசியில் ஈயக்குண்டு ஒவ்வொன்றாக ஏறும், ஐப்பசி மழையில் ஒவ்வொன்றாக இறங்கும். ரேடியோவில் மணி அடிக்கும் ஒலியைக் கைக்கடிகாரத்தில் பிடித்துக்கொண்டு மேலே ஏறி ஒப்பிடுவேன். எத்தனை குண்டு, என்ன தேதி என்று சுவரிலேயே பென்சிலால் குறித்து வைத்தேன். அந்தச் சுவர் முழுக்க 22 வருஷக் கணக்கு இருந்தது.

லண்டன் கடிகாரத்தின் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நம் ஊர் மணிக்கூண்டுகளுக்கெல்லாம் மூத்த அண்ணன். மணியின் முதல் அடி ஒரு விநாடிகூடப் பிசகக்கூடாது என்று அரசு வானவியலாளர் ஜார்ஜ் ஏரி நிபந்தனை போட்டார். அந்தக் காலத்துக் கடிகாரக்காரர்கள் பலர் முடியாது என்றார்கள். எட்மண்ட் பெக்கெட் டெனிசன் என்ற வக்கீல் வடிவமைத்தார், டென்ட் என்பவர் செய்ய ஆரம்பித்து நடுவில் இறந்துபோக, அவருடைய வளர்ப்பு மகன் முடித்தார். 1859 மே 31 அன்று ஓட ஆரம்பித்தது. ஜூலையில் பெரிய மணி ஒலித்தது, செப்டம்பரிலேயே விரிசல் விட்டது. மணியைக் கொஞ்சம் திருப்பி, அடிக்கிற சுத்தியலின் எடையைக் குறைத்து, அதே விரிசல் மணியை இன்றுவரை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிக் பென் என்பது சரியாகச் சொன்னால் அந்த மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012லிருந்து எலிசபெத் பெயர்.

1976 ஆகஸ்ட் 5 விடியற்காலையில் அதன் மணியடிக்கும் பகுதியில் ஒரு தண்டு முறிந்து, மொத்தமும் சிதறியது. காரணம் உலோகச் சோர்வு. நூறு வருஷத்துக்கு மேல் முறுக்கி முறுக்கி உள்ளுக்குள்ளேயே விரிசல் ஓடியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கடிகாரப் பகுதி சீக்கிரமே மறுபடி ஓட ஆரம்பித்தது, மணியைச் சரிசெய்யப் பல மாசம் ஆனது. சரிசெய்து, இன்றும் வாரத்துக்கு மூன்று முறை ஆள் ஏறிப்போய்ச் சாவி கொடுக்கிறார். இதைத்தான் நீங்கள் உங்கள் மருமகனுக்குச் சொல்ல வேண்டும். அத்தனை பணம் உள்ள ஊரில்கூட மனுஷன் ஏறிப்போகிறான்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது ஒரு நாளைக்குப் பத்து மணி என்று மாற்றினார்களாமே? புதுச்சேரியில் அப்படி ஒரு கடிகாரம் இருந்திருக்குமா?
(கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை)

அருமையான கேள்வி அம்மா. மாற்றினது உண்மை. ஒரு நாளைக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிஷம், நிமிஷத்துக்கு 100 விநாடி. உச்சிப் பொழுது 5 மணி. 1793 கடைசியில் சட்டம் வந்தது. ஆனால் அதே வருஷம் ஆகஸ்ட் 23 அன்று புதுச்சேரி இங்கிலீஷ்காரர்கள் கைக்குப் போய்விட்டது. 1816ல்தான் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்குள் பிரான்சிலேயே அந்தக் கடிகாரத்தைக் கைவிட்டுவிட்டார்கள். 1795 ஏப்ரலில், மீட்டரையும் கிராமையும் கொண்டுவந்த அதே சட்டம் பத்து மணிக் கடிகாரத்தை நிறுத்தி வைத்தது. அதனால் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியில் அப்படி ஒரு கடிகாரத்தை வைக்க வழியே இல்லை.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நமக்கு ஒரு நாளைக்கு 60 நாழிகை. 60ஐப் பத்தால் வகுத்தால் ஆறு. அவர்களுடைய ஒரு மணி, நம்முடைய சரியாக ஆறு நாழிகை. நம் தாத்தா பாட்டிக்கு அந்தக் கடிகாரத்தைக் காட்டியிருந்தால் பாரிஸ்காரர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். கடிகாரம் என்ற சொல்லே நாழிகையைக் குறிக்கும் கடிகையிலிருந்து வந்ததுதானே. ஓட்டைச் செம்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்குவதைப் பார்த்துப் பொழுது சொன்ன ஆட்கள் அரண்மனையிலும் கோவிலிலும் இருந்தார்கள். அவர்களும் உட்கார்ந்து காவல் காத்தவர்கள்தான், என்னைப் போல.

உங்கள் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு, பெரிய மார்க்கெட் உள்ளே இருக்கும் மணிக்கூண்டு, சின்ன மணிக்கூண்டு என்று ஒரு சின்ன ஊரில் இத்தனை இருப்பது அதிசயம். பெரிய மார்க்கெட்டுக்குச் சின்னப் பிள்ளையாக அப்பாவோடு கருவாடு வாங்கப் போனபோது, கூட்டத்தில் தொலைந்தால் மணிக்கூண்டுக்கு அடியில் வந்து நில் என்று சொல்லித்தான் கையை விடுவார். நான் ஒரு தடவை நின்றிருக்கிறேன். மல்லிகைக்கூடையும் மீன்வாசமும் ஒன்றாக வரும் இடம் அது. அப்பா வரும்வரை முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதிலிருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம்.

பள்ளியில் குச்சி நட்டு நிழல் பார்த்தோம். நிழல் மிகச் சின்னதானது 12 மணிக்கு அல்ல, 12.25க்கு. எங்கள் குச்சி தப்பா, கடிகாரம் தப்பா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவன், குறிஞ்சிப்பாடி)

இரண்டும் சரி தம்பி. நீ இதைச் செய்தது பிப்ரவரியில்தானே? அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் கடிகாரம் காட்டுவது கடலூர் நேரமல்ல. 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரிய நேரம். கடலூர் இருப்பது 79.8 டிகிரிக்கு ஒட்டி. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம் என்று கணக்குப் போட்டால், நமக்கு சூரியன் சராசரியாக 11 நிமிஷம் தாமதமாக உச்சிக்கு வருகிறான். அப்புறம், பூமி சூரியனைச் சுற்றுவது ஒரே வேகத்தில் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் சூரியன் இன்னும் 14 நிமிஷம் பின்னால். 11ம் 14ம் 25. உன் குச்சி ஒரு நிமிஷம்கூடத் தப்பவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் திரும்பச் செய்து பார். அப்போது சூரியன் 16 நிமிஷம் முந்துவான், 12 அடிக்க ஐந்து நிமிஷத்துக்கு முன்னாலேயே உச்சி வந்துவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் செய்யாதே, அப்போது சூரியன் நேர் தலைக்கு மேலே, நிழலே கிடைக்காது.

முன்காலத்தில் ஊருக்கு ஊர் அதனதன் சூரியன்தான் நேரம். ரயில் வந்த பிறகு அது ஒத்துவரவில்லை. 1792ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வுக்கூடம் கணித்த சென்னை நேரத்தை ரயில்கள் எடுத்துக்கொண்டன. இன்றைய நேரத்தைவிட அது 9 நிமிஷம் பின்னால். 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் வந்தது. கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் தங்கள் பழைய நேரத்தை விடவில்லை. உன் ஆசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல். குச்சி நட வைக்கிற வாத்தியார் கிடைப்பது பெரிய விஷயம்.

ரோமன் எண்ணில் நாலை IV என்று எழுதக் கற்றோம். கடிகாரத்தில் IIII என்று இருக்கிறதே?
(வாசகர், விருத்தாசலம்)

பழைய வழக்கம். எதிர்ப்பக்கம் எட்டுக்கு நாலு எழுத்து கனமாக இருப்பதால் இந்தப் பக்கமும் நாலு கோடு இருந்தால் பார்வைக்குச் சமமாக இருக்கும் என்பார்கள். லண்டன் பெரிய கடிகாரத்தில் IV தான். இரண்டும் தப்பில்லை.

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கால் மணிக்கு ஒரு முறை ஒரு ராகம் போல அடிக்கும். எல்லா வீட்டிலும் அதே ராகமாக இருப்பது ஏன்?
(இல்லத்தரசி, லாஸ்பேட்டை)

அது கேம்பிரிட்ஜில் ஒரு தேவாலயத்துக்காக 1793ல் அமைத்த மெட்டு. 1859ல் லண்டன் பாராளுமன்றக் கடிகாரம் அதை எடுத்துக்கொண்டது, அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. சென்னை ரிப்பன் மாளிகையில் 1913ல் ஓக்ஸ் கம்பெனி வைத்த கடிகாரமும் அதே மெட்டைத்தான் அடிக்கும்.

கடிகாரம் ஓடாவிட்டாலும் பஸ் நிறுத்தத்துக்கு மணிக்கூண்டு என்றே பெயர். இந்தக் கூண்டுகளை யார், எதற்காகக் கட்டினார்கள்?
(பஸ் நடத்துநர், கடலூர்)

நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பெயரைக் கூவுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதுநகரில் ஆர்ப்பாட்டம் என்றால் மணிக்கூண்டு அருகே. கல்யாணப் பத்திரிகையில் வழி சொல்வது மணிக்கூண்டிலிருந்து. கைக்கடிகாரம் வசதியானவர்களிடம் மட்டும் இருந்த காலத்தில், கோபுரமும் தேவாலயமும் மசூதியும் அவரவர் பொழுதைச் சொல்லின. மணிக்கூண்டு மட்டும்தான் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பொழுதைச் சொன்னது. சாதி, மதம் பார்த்து நேரம் காட்டுகிற கடிகாரம் கிடையாது. தெருவில் நடக்கிற கூலிக்காரரும் கலெக்டரும் ஒரே முள்ளைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். இதனால்தான் அது ஊருக்கு நடுவில் வந்தது என்பது என் எண்ணம்.

கட்டியது பல பேர். மும்பை ராஜாபாய் கோபுரம் ஒரு மகன் தன் தாயின் பெயரில் கட்டியது. பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தி வியாபாரி பணம் கொடுத்தார், 1878ல் முடிந்தது. அம்மாவுக்குக் கண் தெரியாது, பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட வேண்டிய சமணக் குடும்பம், மணிச்சத்தம் கேட்டு அவர் நேரம் தெரிந்துகொள்வார் என்று ஒரு கதை சொல்வார்கள். நாகர்கோவில் மணிமேடை 1893ல் திறந்தது, மன்னர் பணத்தோடு ஊர் மக்கள் பணமும் சேர்ந்தது. சென்னை ராயப்பேட்டை மணிக்கூண்டு 1930. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவில் எதிரே இருக்கிற மேத்தன் மணியைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். தாடிக்காரர் முகம் ஒன்று, மணிக்கு மணி வாயைத் திறக்கும், இரண்டு பக்கமும் இரண்டு கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். நான் நாலு மணிநேரம் அங்கேயே நின்று நாலு தடவை பார்த்தேன்.

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இனி மணிக்கூண்டு எதற்கு என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
(ஆசிரியை, நெல்லிக்குப்பம்)

டீச்சர், 'தானே' புயலை அவர்களுக்குச் சொல்லுங்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை. உங்கள் மாணவர்கள் அப்போது பிறந்திருக்க மாட்டார்கள் அல்லது கைக்குழந்தை.

காற்று நின்று வெளியே வந்து பார்த்தபோது எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக இல்லை. முதல் நாள் எல்லோரிடமும் போன் இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒருவர் போனும் உயிரோடு இல்லை. மூன்றாம் நாள் காலையில் எதிர்வீட்டு அக்கா வந்து, "தம்பி, மணி என்ன? தண்ணி லாரி ஏழு மணிக்கு வருதுன்னாங்க" என்று கேட்டார். என் கடையில் அப்பாவின் ஊசல் கடிகாரம் ஒன்று சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. கடைக் கதவைத் திறந்து, அதை வாசலுக்கு நேரே தெரியும்படி மாற்றி மாட்டினேன். அன்றிலிருந்து கரண்ட் வரும்வரை அந்தத் தெருவுக்கு அதுதான் மணிக்கூண்டு. ரேஷனுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிறவர்கள், படகைத் தேடிப் போன மீனவர்கள் எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியம்மா உள்ளே வந்து அந்த டிக்டிக்கைக் கேட்டுக்கொண்டே கால் மணிநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக் கூரை போயிருந்தது.

அதே வாரம், நான் 22 வருஷம் சாவி கொடுத்த மணிக்கூண்டைப் போய்ப் பார்த்தேன். 3.10ல் நின்றிருந்தது. அதை மின்மோட்டாருக்கு மாற்றி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் கடைத்தெரு மணிக்கூண்டு பத்து வருஷமாக ஓடவில்லை. வியாபாரிகள் சேர்ந்து பணம் போடத் தயார். பழைய இயந்திரத்தை ஓடவைப்பதா, எடுத்துவிட்டு மின்சாரக் கடிகாரம் வைப்பதா?
(வணிகர் சங்கப் பொருளாளர், விழுப்புரம்)

என் சொந்தக் கதையைச் சொன்னால் என் பதில் ஏன் இப்படி என்று புரியும். 2008ல் ஒரு நாள், கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகத்திலிருந்து கூப்பிட்டு, இனி ஆள் வேண்டாம், மோட்டார் வைக்கப்போகிறோம் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் தப்பில்லை: நான் இல்லாத காலத்தில் யார் ஏறுவார்கள்? எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பழைய இயந்திரத்தைக் கழற்றி, படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் பித்தளைச் சக்கரங்கள் இல்லை. பென்சில் கணக்கு எழுதிய சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

அதனால் முதல் வார்த்தை: எதை வைத்தாலும் பழைய இயந்திரத்தை அதன் இடத்தைவிட்டு நகர்த்தாதீர்கள். பத்து வருஷம் நின்றது என்றால் பல்சக்கரம் தேய்ந்திருக்க வாய்ப்பு குறைவு, ஓடினால்தானே தேயும். எண்ணெய் இறுகிப் பசை போல ஆகியிருக்கும், எடை தொங்கும் கம்பிக்கயிறு துருப்பிடித்திருக்கும். கயிற்றை மட்டும் பழசை நம்பாதீர்கள். நான் தூக்கிய எடை 150 கிலோ. அது அறுந்து விழுந்தால் கீழ்த்தளம் தாங்காது. புதுக் கயிறு, முழுச் சுத்தம், தண்டு சுற்றும் துளையில் போடும் புஷ் வளையம் இரண்டு மூன்று, அவ்வளவில் ஓடிவிடும் என்பது என் அனுபவம்.

மின்சாரமே வேண்டும் என்றால் என்ன மோட்டார் என்று கேளுங்கள். கரண்டின் விநாடிக்கு 50 சுழற்சியை வைத்து ஓடுகிற பழைய வகை மோட்டார், அந்தச் சுழற்சி 49 ஆகக் குறைந்தால் மணிக்கு 72 விநாடி பின்னால் போகும். பேட்டரி துணையோடு குவார்ட்ஸ் அல்லது செயற்கைக்கோள் நேரம் எடுக்கிற வகை இப்போது வருகிறது, அது துல்லியமாக இருக்கும். நான் அதற்கு எதிரி அல்ல. என் கேள்வி வேறு: அந்தப் பேட்டரி செத்தால் யார் ஏறுவார்? டயல் கண்ணாடிக்குப் பின்னால் புறா கூடு கட்டினால் யார் எடுப்பார்? எந்தக் கடிகாரம் வைத்தாலும் ஏறுகிற ஆள் வேண்டும். ஆள் இருந்தால் பழைய இயந்திரமே போதும். சங்கத்தில் ஒரு இளைஞருக்கு மாசச் சம்பளம் எழுதுங்கள், வசூலில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். பெயின்ட்டும் கலர் லைட்டும் அப்புறம்.

நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தால் நானே வந்து மேலே ஏறிப் பார்க்கிறேன். போக்குவரத்துச் செலவு எதுவும் வேண்டாம். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் படி ஏறிவிடுவேன்.

நான் ஏழாவது படிக்கிறேன். மணிக்கூண்டுக்குச் சாவி கொடுக்க எவ்வளவு பலம் வேண்டும்? பெண் பிள்ளைகள் செய்யலாமா?
(மாணவி, தேவனாம்பட்டினம்)

தாராளமாகச் செய்யலாம் அம்மா. சாவி என்றால் நீ நினைக்கிற சின்னச் சாவி இல்லை, கிணற்று ராட்டினத்துக் கைப்பிடி போல நீளமாக இருக்கும். பல்சக்கரங்கள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் ஒரே அடியாகப் பலம் போட வேண்டியதில்லை. எனக்கு 140 சுற்று. வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றுவேன், 70க்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவேன். சுற்றும்போது ஒரு கொக்கி பல்லில் விழுந்து விழுந்து "டக், டக்" என்று கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் கையை விட்டுவிடக் கூடாது, அது மட்டும்தான் ஆபத்து. எடை கீழே இழுத்து, கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று கையில் அடித்துவிடும். என் வலது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது.

முதலில் சின்னக் கடிகாரத்தில் பழகலாம். சனிக்கிழமை மத்தியானம் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு கடைக்கு வா. அப்பாவின் ஊசல் கடிகாரத்துக்கு அன்றைக்குத்தான் சாவி கொடுக்கும் நாள். நீயே கொடு. ஒரு பழைய துணி எடுத்து வா, எண்ணெய்க் கறை யூனிபார்மில் பட்டால் போகாது.